ஆறரை மணிக்கு வருகிறவர்

“கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கோ மிஸ். இப்ப வருவார்,” என்றார் பத்மா அக்கா.

அப்போது மாலை ஆறு இருபத்தெட்டு. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பிரதான சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், நாலாம் மாடி. நானும் அவரும் ஒரு மேசைக்கு முன்னால் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். மேசையில் ஒரு கணினி. திரை கறுப்பாகக் கிடந்தது. விசைப்பலகையையோ மவுஸையோ இருவரும் தொடவில்லை. சாமியறையில் அப்போதுதான் ஏற்றிய விளக்கின் எண்ணெய் மணமும் சாம்பிராணிப் புகையும் ஹோலுக்குள் வந்துகொண்டிருந்தன.

வருவார் என்று அவர் சொன்னது தன் கணவரை. கணவர் கணேசலிங்கம் இறந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

நான் கொட்டாஞ்சேனைக்காரி. அந்தோனியார் கோயில் மணி கேட்டு வளர்ந்தவள். பேய் பிசாசு என்று யாராவது கதைத்தால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு சிரித்துவிட்டுப் போகிறவள். கணினி பழுது பார்த்து, கணினி வகுப்பும் எடுக்கிறவள் என்பதால், எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்ற திமிர் வேறு. ஆனாலும் அன்றைக்கு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

ஆறரை.

மேசைக்குக் கீழே இருந்த பெட்டியின் விசிறி சுழலத் தொடங்கியது. பச்சை விளக்கு எரிந்தது. திரையில் நீலம் பரவி, இடது மூலையில் மூன்று வட்டங்கள் வந்தன. கீழே இருந்த இரண்டிலும் படம் இல்லை. மேலே இருந்ததில் மட்டும் கண்ணாடி போட்ட ஒரு முகம். தலையை ஒழுங்காக வாரி, கடவுச்சீட்டுக்கு எடுத்த படம்.

“வந்திட்டீங்களோ?” என்று பத்மா அக்கா திரையைப் பார்த்துக் கேட்டார். அடுப்படியிலிருந்து கேட்கிற மாதிரி, சாதாரணமாகக் கேட்டார்.

 இத்தனை வருடத்தில் எத்தனையோ கணினிகளைத் திறந்து மூடியிருக்கிறேன். ஒன்றைப் பார்த்து எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது அன்று மட்டும்தான்.

சில நிமிடங்களில் திரை தானாகவே இருண்டது. விசிறி நின்றது. “அவ்வளவுதான். நாளைக்கு இதே நேரம் வருவார்,” என்று சொல்லிவிட்டு, அவர் எனக்குத் தேத்தண்ணி போட எழுந்தார்.

அனுமதி கேட்கும் பெட்டி

அன்று பிற்பகல் நான் அங்கே போனது மிகச் சின்ன வேலைக்கு. வாசலில் நின்ற காவலாளி, “லிஃப்ட் வெட நே மிஸ்,” என்று சிங்களத்தில், லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று கையை விரித்தார். பையைத் தூக்கிக்கொண்டு நாலு மாடியும் படியால் ஏறினேன். அந்தக் கோபம் அடங்குமுன்பே வேலையைத் தொடங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பத்மா அக்கா ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை. ஒரு டியூட்டரியில், அதாவது டியூஷன் நிலையத்தில், இணையவழி வகுப்பு எடுக்கக் கேட்டிருந்தார்கள். அதற்கு ஒரு மென்பொருளைக் கணினியில் நிறுவ வேண்டும். அவர் தன் பெயரில் உள்ளே போய், தன் பாஸ்வேர்டைப் போட்டு, நிறுவப் பார்த்திருக்கிறார். உடனே ஒரு பெட்டி வந்திருக்கிறது. தொடர வேண்டுமானால் அட்மினிஸ்ட்ரேட்டரின் பாஸ்வேர்டைத் தரவும் என்று. அந்தப் பெட்டியில் அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தது கணேசலிங்கத்தாரின் பெயர்.

“செத்த மனிசனிட்ட அனுமதி கேக்கச் சொல்லுது மிஸ்,” என்றார் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வகுப்பில் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இப்படி. வீட்டில் திறப்புக் கொத்து, அதாவது சாவிக்கொத்து, ஒருவரிடம்தான் இருக்கும். அவர் எந்த அறைக்குள்ளும் போகலாம், சுவரை உடைத்துப் புதுக் கதவு வைக்கலாம், யார் வீட்டில் இருக்கலாம் என்றும் தீர்மானிக்கலாம். அவர்தான் அட்மினிஸ்ட்ரேட்டர். மற்றவர்கள் ஸ்டாண்டர்ட் யூசர். அவர்கள் தங்கள் அறையில் தூங்கலாம், எழுதலாம், படிக்கலாம். மற்றவரின் அறைக் கதவைத் தட்டினால் அது திறக்காது. சில பழைய கணினிகளில் கெஸ்ட் என்று ஒருவரும் இருப்பார். அவர் ஹோலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறவர். போன பிறகு அவர் இருந்த சுவடே இருக்காது.

அந்தக் கெஸ்ட்டால் நான் பட்ட பாடு தனிக் கதை. என்னுடைய முதல் வகுப்பறையில் எல்லாக் கணினிகளையும் கெஸ்ட்டில்தான் விட்டிருந்தேன். வத்தளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஒரு பிள்ளை, வேலைக்கான விண்ணப்பத்தை மூன்று மணித்தியாலம் இருந்து தட்டச்சு செய்து, அங்கேயே சேமித்துவிட்டுப் போனாள். அடுத்த நாள் வந்து பார்த்தால் ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளை அழுத அழுகை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. யாருக்கு எந்த அறை, யாருக்கு எந்தத் திறப்பு என்பதில் நான் கண்டிப்பாக இருப்பது அன்றிலிருந்துதான்.

பிரதான குடியிருப்பாளர்

கணேசலிங்கத்தார் கணினி தெரியாத ஆள் இல்லை. கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தின் கணினிப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர். நானே அவரிடம் இரண்டொரு முறை சந்தேகம் கேட்டிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்லித் தருவார். கூடவே, “இது உமக்குத் தெரியாதோ?” என்றும் கேட்பார்.

இந்தக் கணினியை வாங்கியபோது அவர் மூன்று பேருக்குக் கணக்குத் தொடங்கியிருந்தார். தனக்கு அட்மினிஸ்ட்ரேட்டர். மனைவிக்கு ஸ்டாண்டர்ட். மகள் நிரூஷாவுக்கும் ஸ்டாண்டர்ட். நிரூஷா அதற்கு ஒரு வருடம் முன்பே கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போய்விட்டாள். அவள் ஒருநாளும் உட்காராத கணினியில் அவளுக்கும் ஓர் இடம்.

“அவர் அதை வாக்காளர் இடாப்பு மாதிரித்தான் எழுதினவர்,” என்றார் அக்கா.

கொழும்பில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு இது உடனே விளங்கும். வாக்காளர் பட்டியலுக்காகக் கிராம சேவையாளர் என்ற அரசு அலுவலர் கொண்டுவரும் படிவத்தில் முதல் வரி பிரதான குடியிருப்பாளர். அதில் வீட்டு ஆம்பிளையின் பெயர். அதற்குக் கீழே வீட்டில் இருக்கிற எல்லோரும், ஊருக்குப் போனவர்கள், வெளிநாடு போனவர்களும் சேர்த்து. சண்டைக் காலத்தில் இதோடு பொலிஸ் பதிவும் சேர்ந்துகொண்டது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒவ்வொரு வீட்டிலும் அந்தத் தாள் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். யாராவது வந்து கதவைத் தட்டினால், பிரதான குடியிருப்பாளர்தான் முன்னுக்கு வந்து பதில் சொல்ல வேண்டும்.

நான் அப்போது, போனும் போட்டோக்கொப்பியும் எடுத்துக் கொடுக்கும் ஒரு கொமினிகேஷன் கடையில் தட்டச்சு வேலை. அந்தப் படிவங்களை எத்தனை நூறு தடவை தட்டியிருப்பேன் என்று தெரியாது. ஒரு பெயர் விடுபட்டால் அந்த ஆளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒரு பெயரையும் யாரும் விடமாட்டார்கள்.

அந்தக் காலத்தில் பிடித்த ஒரு பழக்கத்தைக் கணேசலிங்கத்தார் கடைசி வரைக்கும் விடவில்லை. விளக்கு வைக்கிற நேரம், அதாவது ஆறரைக்கு, வீட்டில் எல்லோரும் இருக்க வேண்டும். இருக்க முடியாதவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லியாக வேண்டும். சோதனைச் சாவடியில் மறித்து ஆளைக் கொண்டுபோய்விட்டால், எத்தனை மணியிலிருந்து காணவில்லை என்று பொலிஸுக்குச் சொல்ல அந்தக் கணக்குத் தேவை. என் அப்பாவும் அப்படித்தான். போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து கொட்டாஞ்சேனையில் பக்கத்து வீட்டுப் போனுக்கு எடுத்து, “வந்திட்டேன்னு வீட்ல சொல்லிடுங்க,” என்று சொல்லிவிட்டுத்தான் நான் மூச்சு விடுவேன்.

சண்டை முடிந்தும் அவர் வீட்டில் அந்தச் சட்டம் முடியவில்லை. மகள் கனடாவுக்குப் போன பிறகு, ஒவ்வொரு நாளும் ஆறரைக்கு அவளுக்கு ஒரு மெயில் எழுதுவார். அவளுக்கு அது காலை. எழும்பியதும் பார்ப்பாள், இரண்டு வரி பதில் போடுவாள். நான் இதை முதன்முதலாகக் கேட்டபோது, கொஞ்சம் அதிகம்தான் என்று நினைத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

பாஸ்வேர்ட் என்னும் பக்தி

சென்ற வாரம் இந்தப் பத்தியில் ஹார்ட்வெயார் கடை முதலாளியைப் பற்றி எழுதியதற்கு, ‘இப்படியும் ஆள் இருக்குமா’ என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இருக்கிறார்கள் அம்மா. கடை முழுக்க ஆட்கள் நிற்க, “மல்லி, அந்தோனியார் ஒண்டு ரெண்டு மூண்டு போடு,” என்று உரத்த குரலில் கடைப் பையனுக்குப் பாஸ்வேர்டைச் சொல்லும் மனிதரை என் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் பாதிப் பாஸ்வேர்டுகள் புனிதர்கள். வெள்ளவத்தையில் பாதி முருகன், மிச்சம் பிள்ளையின் பிறந்த திகதி. நான் திட்டாத வீடு இல்லை. திட்டினால், “சாமி பேர் மிஸ், மறக்காதுதானே,” என்பார்கள். விசைப்பலகையின் அடியில் ஒட்டி வைத்த தாள்களை நான் கிழித்த கணக்கு எனக்கே தெரியாது.

கணேசலிங்கத்தார் அப்படிப்பட்டவர் இல்லை. அவருடைய பாஸ்வேர்ட் மனைவிக்கும் தெரியாது. அவர் அதை எங்கும் எழுதி வைக்கவுமில்லை. கணவன் மனைவிக்குள் இது என்ன ஒளிவு மறைவு என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

“அது பரவாயில்லை அக்கா. எங்கிட்ட வழி இருக்குது. அவர்ட பாஸ்வேர்டை அழிச்சிட்டு உங்களை அட்மினிஸ்ட்ரேட்டரா போட்டுத் தாரேன். பத்து நிமிஷம்,” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி பலமாக இருந்தது.

“அழிக்க வேண்டாம் மிஸ். அவர் உள்ள வரேலாமல் போயிடும்.”

 அப்போதுதான் அவர் சொன்னார், ஆறரை வரைக்கும் இருந்து பாருங்கோ என்று. இருந்தேன். பார்த்தேன். முதலில் எழுதியது அதைத்தான்.

தேத்தண்ணி ஆறும் வரை

தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு அக்கா சொன்னதுதான் உண்மையான கதை.

“அவர் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்ச அண்டைக்குத்தான் முதல்ல கண்டனான். விளக்கு வைச்சிட்டுத் திரும்புறன், உந்தத் திரை எரியுது. பயந்து போனன். பிறகு பயம் போட்டுது. இப்ப அந்த நேரத்துக்குத்தான் நான் அவரோட கதைக்கிறது. மகளைப் பற்றித்தான் கூடக் கதைக்கிறனான்.”

மகளைப் பற்றி என்ன என்று கேட்டேன்.

“அவள் என்னோட கதைக்கிறேல்லை மிஸ்.”

அப்பா இருந்த காலத்தில் கிழமைக்கு ஒரு முறை போனில் வருகிறவள். செத்தவீட்டுக்கு அவளால் வர முடியவில்லை. விசாப் பத்திரங்கள் முடியாமல் கனடாவை விட்டு வெளிக்கிட ஏலாது. அது அவளுக்குப் பெரிய வேதனை. ஆனாலும் அதற்குப் பிறகும் நன்றாகத்தான் கதைத்தாளாம். அன்பாகக்கூட. இந்த வருடத் தொடக்கத்திலிருந்து திடீரென்று மாறிவிட்டாள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, இரண்டு நிமிடம். சுகமோ, ஓம், வைக்கிறன். என்ன பிழை செய்தேன் என்று அக்கா கேட்டால், “உங்களுக்குத் தெரியாதோ அம்மா?” என்பாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டாள்.

“ஒரேயொரு பிள்ளை மிஸ். அவளும் இல்லையெண்டால் எனக்கு ஆர்? என்ன பிழை விட்டனான் எண்டாவது சொல்லக் கூடாதோ?”  திரும்பி அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தார். “அவரிட்டத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன். நீங்களாவது கேட்டுச் சொல்லுங்கோ எண்டு.”

 எனக்கு இரக்கமும் இருந்தது, பயமும் இருந்தது. அதோடு தொழில் புத்தியும் விழித்துக்கொண்டது. தூங்குகிற கணினியை நாள் தவறாமல் ஒரே நேரத்தில் எழுப்ப ஒரு கட்டளை வேண்டும். அந்தக் கட்டளையை யாரோ எழுதியிருக்க வேண்டும்.

“அக்கா, நான் அவர்ட அறையை உடைக்கல்ல. பாஸ்வேர்டையும் தொடல்ல. சும்மா பார்க்க மட்டும் விடுவீங்களா?”

சாமியறை விளக்கைத் திரும்பிப் பார்த்தார். “அவருக்குக் குறை வராதோ?”

“வராது.”

“அப்ப பாருங்கோ.”

யாரும் காணாத ஆள்

கணினியில் நாலாவதாக ஓர் ஆள் உண்டு என்று நான் வகுப்பில் சொல்வதில்லை. சொன்னால் குழப்பம். பெட்டி தொழிற்சாலையிலிருந்து வரும்போதே உள்ளே ஓர் அட்மினிஸ்ட்ரேட்டர் இருக்கிறார். திரையில் அவர் பெயர் வராது. எழுப்பும் வரை எழும்பமாட்டார். ஒவ்வொரு வீட்டிலும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து, அவர் அங்கேதான் இருக்கிறார்.

என் பையில் இருக்கும் பென்டிரைவ் ஒன்றால் அவரை எழுப்பினேன். கடற்காற்று படும் வீடு என்பதால் பெட்டியின் முன் துளைகள் துருப்பிடித்திருந்தன. மூன்று தரம் குத்திப் பார்த்த பிறகுதான் பிடித்தது. அந்த நாலாவது ஆளின் பெயரில் உள்ளே போய், கட்டளை எழுதும் கறுப்புப் பெட்டி ஒன்றைத் திரையில் திறந்து, கணேசலிங்கத்தாரின் கணக்கைப் பற்றி விசாரித்தேன். வரிசையாகப் பத்துப் பதினைந்து வரி வந்தது. அவற்றில் ஒன்று, இந்தக் கணக்கு கடைசியாக எப்போது உள்ளே வந்தது என்று சொல்லும் வரி.

இன்றைய திகதி. மாலை ஆறரை.

பக்கத்தில் நின்ற அக்கா அதை வாசித்துவிட்டார். “நான் சொன்னனான்தானே,” என்றார் மெதுவாக.

 எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் அந்த வரியை இன்னொரு தரம் வாசித்தேன். யாரோ அந்தப் பெயரில், சரியான பாஸ்வேர்டோடு, அரை மணித்தியாலத்துக்கு முன் உள்ளே வந்திருக்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே.

காரணம் இதுதான். நேரம் குறித்து வைத்த வேலைகளைக் கணினி தானாகச் செய்யும். நான் இல்லாவிட்டாலும் என் பெயரில் செய் என்று சொல்லி, பாஸ்வேர்டையும் ஒரு முறை கொடுத்து வைத்தால் போதும். பிறகு அந்த நேரத்துக்குக் கணினி எழும்பும், உங்கள் பெயரில் உள்ளே வரும், வேலையை முடிக்கும், தூங்கிவிடும். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று அது கேட்பதில்லை.

அந்தப் பட்டியலைத் திறந்தேன். ஒரே ஒரு வேலை இருந்தது. அதை எழுதிய திகதியை அக்காவிடம் வாசித்தேன்.

அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். “அதுக்கு அடுத்த நாள்தான் அவரை ஆஸ்பத்திரியில விட்டது.”

மெல்ல மெல்லச் சொன்னார். நெஞ்சில் அடைப்பு, ஒப்பரேஷன். பத்து நாளில் வந்துவிடுவேன், பிள்ளைக்குத் தெரிய வேண்டாம், வர ஏலாத பிள்ளை அங்கே இருந்து துடிக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அக்காவும் சம்மதித்திருக்கிறார். எங்கள் வீடுகளில் இது புதிதில்லை. வெளிநாட்டுப் பிள்ளைக்கு இங்கே யாருக்கும் காய்ச்சல்கூட வருவதில்லை. ஆறாம் நாள் அவர் இறந்தார். மகளிடம் சொன்னது, திடீரென்று நடந்துவிட்டது என்று.

வேலை என்னவென்று பார்த்தேன். ஒரு மெயில். எழுத்துத் தமிழில், அவருடைய பாணியில்.

‘அன்பு மகள், இங்கே எல்லோரும் சுகம். அம்மா விளக்கு வைத்துவிட்டா. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். நீயும் கவனமாக இரு. அப்பா.’

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த ஆறு நாளும் அது போயிருக்கிறது. செத்த அன்றும் போயிருக்கிறது. சாம்பல் கரைத்த அன்றும். அதன் பிறகு ஒவ்வொரு நாளும். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பத்மாவுக்கு

அதே வேலையில் இரண்டாவதாக இன்னொரு கட்டளையும் இருந்தது. மகளிடமிருந்து வரும் பதில்களை எடுத்து ஒரு கோப்புறையில் போடு என்று. அந்தக் கோப்புறையின் பெயர் ‘பத்மாவுக்கு’.

மனைவி படித்துவிட்டுப் போனில் அதற்கு ஏற்றபடி கதைக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் கோப்புறையை அவர் வைத்தது தன் அறைக்குள், தன் கணக்குக்குக் கீழே. ஸ்டாண்டர்ட் யூசரான பத்மாவுக்கு அந்தக் கதவு திறக்காது. முப்பது வருடம் அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்த மனிதர். தன் கண்ணுக்குத் தெரிவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார். இந்தப் பிழையை நானும் விட்டிருக்கிறேன். அவர் மேல் எனக்கு அந்த நேரம் வந்த கோபத்தைச் சொல்ல முடியாது.

கோப்புறையைத் திறந்தேன். இருநூறுக்கு மேல் இருந்தன.

“வாசியுங்கோ மிஸ். எனக்குக் கண்ணாடி இல்லை,” என்றார் அக்கா. கண்ணாடி அவர் முகத்தில்தான் இருந்தது.

வாசித்தேன். அவர் இறந்து ஒரு கிழமைக்குப் பிறகு நிரூஷா எழுதியிருந்தாள்.

‘அம்மா, நீங்கள்தான் அப்பாவின்ரை பேரில எழுதுறீங்கள் எண்டு எனக்குத் தெரியும். பரவாயில்லை. எழுதுங்கோ. எனக்கும் வேணும் போல இருக்கு. நானும் அப்பாவுக்கே எழுதுறன்.’

பிறகு நாளுக்கு நாள் சின்னச் சின்னச் செய்திகள். பனி கொட்டியது. வேலையிடத்தில் சண்டை. அப்பா, உங்களுக்கு மட்டும் சொல்லுறன், நான் மூண்டு மாதம். அம்மா போனில ஒண்டும் கேட்கேல்லை, வெட்கமாக்கும், நானும் அதைப் பற்றிக் கதைக்கேல்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒன்று.

‘அம்மா, பிள்ளை தங்கேல்லை. நேற்றுத்தான் ஆஸ்பத்திரியால வந்தனான். அவரும் வேலைக்குப் போட்டார். தனிய இருக்கிறன். இனி அப்பா எண்டு எழுத ஏலாது. அம்மா, நீங்கள் கொஞ்ச நாளைக்கு வாங்கோவன். இல்லாட்டி ஒருக்காக் கூப்பிடுங்கோ.’

அடுத்த நாள் அவளுக்குப் போயிருக்கும் பதிலை நான் வாசிக்கவில்லை. வாசிக்கத் தேவையில்லை. இங்கே எல்லோரும் சுகம். அம்மா விளக்கு வைத்துவிட்டா.

‘அம்மா, நான் எழுதினதை வாசிச்சனீங்களோ?’

எல்லோரும் சுகம்.

‘போனிலயும் ஒண்டும் தெரியாத மாதிரிக் கதைக்கிறீங்கள். எப்பிடி அம்மா ஏலுது உங்களுக்கு?’

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கடைசியாக இருந்தது ஒரே வரி. ‘சரி அம்மா. உங்களுக்கு எல்லாம் சுகம்தானே.’ அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை. இங்கிருந்து மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

பத்மா அக்கா சத்தம் போட்டு அழவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். நான் எழுந்து அவர் தோளில் கை வைத்தேன். 

கனடாவில் காலை

அவர் போனை எடுத்து, எண்களை அழுத்தச் சொல்லி என்னிடம் நீட்டினார். நான்தான் அழுத்திக் கொடுத்தேன். ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தார்.

“என்னம்மா? இப்பதான் மெயில் வந்தது,” என்றாள் நிரூஷா. குரல் வறட்சியாக இருந்தது.

“பிள்ளை, அதை நான் எழுதேல்லை.”

அந்தப் பக்கம் ஒரு கோப்பையை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

“ஒருநாளும் நான் எழுதேல்லை. நீ எழுதினதொண்டும் எனக்குக் கிடைக்கேல்லை. இண்டைக்குத்தான், இப்பத்தான், வாசிச்சனான். எல்லாத்தையும்.”

“அப்ப ஆர்?” அவள் குரல் சின்னப் பிள்ளையின் குரலாக மாறியது. “அம்மா, அப்ப இவ்வளவு நாளும் எனக்கு எழுதினது ஆர்?”

பத்மா அக்கா சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகும் முதல் நாள் அப்பா கணினியில் எழுதி வைத்தது என்று. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தவர், அதை உனக்கு மறைத்தது நானும்தான் என்று. மறைத்ததைச் சொல்லும்போது அவர் குரல் தடுமாறவில்லை. நான் எழுந்து பல்கனிப் பக்கம் போகப் பார்த்தேன். அவர் கையைக் காட்டி நிற்கச் சொன்னார்.

 நிரூஷா மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

“நாளைக்கும் வருமோ அம்மா?”

பத்மா அக்கா போனைக் கையால் பொத்தினார். என்னைப் பார்த்தார்.

“நிப்பாட்டினால் மிஸ், ஆறரைக்கு உது எரியாதோ?”

“எரியாது அக்கா.”

“படமும் வராதோ?”

“தானா வராது.”

அந்த இருண்ட திரையை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.  நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, செய்யுங்கள் என்றும் சொல்லவில்லை. பிறகு என் பக்கம் தலையை ஒரு தரம் அசைத்தார். நான் மவுஸை அசைத்து, அந்த வேலையை நிறுத்தினேன். ஒரு சொடுக்குத்தான்.

அவர் போனிலிருந்து கையை எடுத்தார்.

“வராது பிள்ளை.”

அந்தப் பக்கம் அவள் வெடித்து அழத் தொடங்கினாள். அப்பா அப்பா என்று அழுதாள். செத்தவீட்டுக்கு வர முடியாமல் போனவள் அன்றைக்குத்தான் அழுதாள் என்று நினைக்கிறேன். பத்மா அக்கா அழாதே என்று சொல்லவில்லை. சுகமோ என்றும் கேட்கவில்லை. கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, போனுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்தார்.

“அழு பிள்ளை,” என்றார். “நான் போனை வைக்க மாட்டன்.”